குளிர் அறைக் கதவைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது

ஊசி என்ற பட்டப்பெயரால் அறியப்படும் நான், வயது 49, படிப்பு மூன்றாம் வகுப்பு, மீன் குளிர்கிடங்கில் இருபத்திரண்டு வருடமாகப் பெட்டி தூக்குபவன், கிடங்குக்குப் பின்வரிசை மூன்றாம் வீட்டில் குடியிருப்பவன், ஆய்வாளர் ஐயா முன்பு நானாக வந்து சொல்வதாவது:

கிடங்கு மேற்பார்வையாளர் என் சகலை. அவர் மனைவி என் மனைவியின் தங்கை. எனக்கு எட்டு வருடம் கழித்து வேலைக்கு வந்து, என் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்தவர்.

சென்ற மாதம் குளிர் அறைக் கதவுக்கு மென்பொருள் போடுவது பற்றி மேல்மாடியில் கூட்டம் நடந்தது. சகலைக்குப் பேனாவும் தாளும் வைத்திருந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். அவர் ஒரு எழுத்தும் எழுதாமல் பேனாவை விரலிடுக்கில் சுழற்றிக்கொண்டே இருந்ததைக் கூட்டம் முடியும்வரை பார்த்தேன். கணினிப் பெண் பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து, அட்டை காட்டி உள்ளே போனால் கணக்கில் ஒன்று கூடும், வெளியே வந்தால் ஒன்று குறையும், பூஜ்யம் வந்தால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், உள்பக்கக் கைப்பிடி வேண்டியதில்லை என்றார். முதலாளி தலையாட்டினார். அவரைப் பார்த்துச் சகலை ஆட்டினார். சகலையைப் பார்த்து மற்றவர்கள் ஆட்டினார்கள். அதன் பிறகு அந்தப் பெண், "ஒவ்வொருத்தரும் அட்டை காட்டித்தானே போறாங்க?" என்று கேட்க, சகலை, "ஆமாம்மா, அதுதான் எங்க விதி" என்றார்.

விதி அதுதான். ஆனால் கை நிறையப் பெட்டி இருப்பதால் முன்னால் போகிறவன் மட்டும் அட்டை காட்டுவதும், மற்றவர்கள் அவன் முதுகோடு ஒட்டி நுழைவதும்தான் எங்கள் வழக்கம். "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தார். சகலை முந்திக்கொண்டு, "இவரா? நக்கல் பண்ணியே நேரத்தைத் தின்னுடுவார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாளைக்கு மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று முதல் அந்தப் பூட்டு வேலை செய்யத் தொடங்கியது. காலை பத்து மணிக்கு நான் அட்டை காட்டி நுழைய, என் கூட்டாளியும், பெட்டி எண்ணச் சகலையும் என் பின்னாலேயே வந்தார்கள். அதன் பிறகு நானும் கூட்டாளியும் என் அட்டையைக் காட்டி வெளியே வந்தோம். கணக்கு பூஜ்யமாகிக் கதவு பூட்டிக்கொண்டது. உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பதறிய கூட்டாளியிடம், "இருடா, முதலாளியோட செல்லப்பிள்ளை கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கட்டும்" என்றேன். அதன் பிறகு ஒரு காபி குடித்தேன். எத்தனை நிமிடம் என்று ஐயா கேட்டார்கள். ஊதி ஊதித்தான் குடித்தேன்.

அதன் பிறகு அட்டையைக் காட்டினேன். "உள்ளே யாரும் இல்லை, அடுத்த திறப்பு பதினொன்றரை" என்று திரையில் இருந்ததைக் கூட்டாளி படித்துச் சொன்னான். பூட்டிக்கொண்டால் அந்த நேரம்வரை அட்டைக்கும் திறக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் தட்டும் சத்தம் நின்றிருந்தது. கடப்பாரையால் கதவைப் பெயர்த்தோம். சகலை பெட்டிகளுக்கு நடுவே மடங்கிக் கிடந்தார். உதடு நீலமாக இருந்தது. நான்தான் தோளில் தூக்கி வந்தேன்.

இன்று ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர், எல்லோர் முன்பும் என் கையைப் பிடித்து, "நீங்க இல்லன்னா நான் போயிருப்பேன், சகலை" என்றார். மச்சினி என் காலில் விழ வந்தாள். அங்கே நிற்க முடியாமல் நேராக இங்கு வந்தேன்.

எழுதியதை ஐயா படித்துக் காட்டக் கேட்டேன். ஒரு இடத்தில் "கவனக்குறைவாக" என்று இருந்ததை அடித்துவிட்டு, "தெரிந்தே" என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதியிருக்கிறார்கள். இப்போது எல்லாம் சரி.

(கையொப்பம்)