பால் வெள்ளை

அறுபதுகளில் ஒருநாள், சேவூர் பஸ். என் முன்சீட்டில் பனியன் துணியை வெளுத்துத் தரும் ஒரு சலவைப்பட்டறைக்காரரும் பனியன் கம்பெனிக்காரரும்.

“நம்ம நாட்டுல ஒருத்தனும் எதையும் கண்டுபுடிக்கறதில்லைன்னு பேப்பர்ல எழுதியிருக்கானுங்க. ஏன், நான் கண்டுபுடிக்கலீங்களா?” என்றார் பட்டறைக்காரர்.

“துணிக்குக் கொண்டுவந்தீங்களே, அந்தப் பால் வெள்ளைங்களா? சலவை மருந்துக் கலவையை யாருக்கும் சொல்ல மாட்டேங்கறீங்கன்னு ஊரே பேசுதுங்க.”

“தெரிஞ்சாத்தானுங்க சொல்றதுக்கு! அன்னைக்கு என்னமோ தப்பாக் கலந்துட்டேன், துணி பளிச்சுனு வந்துருச்சு. அந்தத் தப்பு மறுபடி வரவே மாட்டேங்குதுங்க.”

“பக்கத்துப் பட்டறைக்காரரு தெனமும் உங்க செவுத்துக்கு மேல எட்டிப் பாக்கறாராமா?”

“பாக்கட்டுங்க. நானும் அவரு செவுத்துக்கு மேல எட்டிப் பாத்துட்டுத்தான் இருக்கறேன், என்ற ரகசியத்தை அவராச்சும் கண்டுபுடிச்சுட்டாரான்னு.”