அடுப்படிச் சுவத்துக் கணக்கு

இப்படி வாங்க சிஸ்டர், அடுப்படி இதுதான். தலைய பாத்து, நிலை கொஞ்சம் தாழ்வு. குடிவந்த நாள்லேருந்து நானே முட்டிக்கிறேன், இன்னும் புத்தி வரல. அட இதுல என்ன சிரமம், பால் எப்படி கலக்குறேன்னு பாக்கணும்னீங்க, காட்டப்போறேன், அவ்வளவுதானே. என் வீட்டுக்காரி உள்ளயே பாப்பாவ வெச்சுகிட்டு உக்காந்திருக்கட்டும். போன தடவைய விட பாப்பா எடை குறைஞ்சிருக்குன்னு நீங்க சொன்னதும் அவளுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. என்னாலதான், எனக்குப் பால் வத்துனதுனாலதான்னு ஆரம்பிச்சுட்டா. இனிமே யாரு சொன்னாலும் கேக்க மாட்டா.

இருங்க, கை கழுவிக்கிறேன். சோப்பு போட்டுத்தான். நகத்துல இருக்குறது அழுக்குன்னு நினைச்சுடாதீங்க, பெயிண்டு. என்ன தேய்ச்சாலும் போகாது. வீடுங்களுக்கு பெயிண்ட் அடிக்கிற வேலை நமக்கு. மழை பேஞ்சா வெளிச்சுவரு வேலை கிடையாது, இப்ப கொஞ்ச நாளா ஊரே நனைஞ்சு கெடக்கு, பாக்குறீங்கல்ல. தண்ணி கொதிக்கட்டும். பாட்டில காலையிலேயே வேகவெச்சு எடுத்து வெச்சுட்டேன், அதுலயெல்லாம் நான் சுத்தம்.

அதுவா? ஹ... அது எங்க பட்ஜெட்டு. சிரிக்காதீங்க சிஸ்டர். பேப்பர்ல எழுதினா எங்கயாச்சும் சொருகிட்டு மறந்துடுவோம். சுவரு எங்க போகும், தண்ணி குடிக்க வந்தாலும் மூஞ்சிக்கு நேரா நிக்குது. ஓனர் பாத்தா கத்துவாரு. காலி பண்றப்ப ரெண்டு கோட்டிங் அடிச்சுக் குடுத்தா வாயை மூடிக்குவாரு. பெயிண்டர் வீட்டுல வேற எதுக்குப் பஞ்சம் இருந்தாலும் அதுக்குப் பஞ்சமில்ல.

எழுத்து அவளோடது. துணிக்கடையில பில் போட்டுகிட்டு இருந்தா, அதான் நம்பரெல்லாம் அச்சு மாதிரி இருக்கு. பாப்பா வயித்துல இருந்தப்ப, பெயிண்ட் வாளியக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்துகிட்டு எழுதினா. கொழந்த பொறந்தா கடையில லீவு உண்டு, சம்பளம் கெடையாது. ரெண்டு சம்பளத்துல ஓடின வீடு ஒரு சம்பளத்துல ஓடணும், அதுவும் ஒரு ஆள் கூடுதலா. நான் சொல்லச் சொல்ல அவ ஒவ்வொரு செலவா கோடு போட்டு அடிச்சுகிட்டே வந்தா. என் டீ, அடிச்சாச்சு. என் சிகரெட்டு, அத ரெண்டு தடவ அடிச்சிருக்கா பாருங்க, நம்பிக்கை இல்லாம. அவ போன் ரீசார்ஜ், அவ மூஞ்சி பவுடர், எல்லாம் போச்சு. எனக்கு முடி வெட்டுற காசக்கூட அடிச்சுட்டா, நானே வெட்டி விடறேன்னா. பின்னாடி திரும்பறேன், நீங்களே பாருங்க. எலி கடிச்ச மாதிரி இல்ல? சாரத்துல ஏறினா கீழ இருக்குற பசங்க சிரிக்கிறானுங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்னு இருந்தேன். சந்தோஷமா இருந்த நாளு சிஸ்டர் அது. ரெண்டு பேரும் சேந்து வாயக் கட்டி வயித்தக் கட்டி எப்படியும் ஓட்டிடலாம்னு அப்படி ஒரு தைரியம்.

கீழ ஒரு வரிய நெருக்கி எழுதி, சுத்தி கட்டம் போட்டிருக்குல்ல? பாப்பா பால். கணக்கு போட்ட அன்னைக்கு அந்த வரியே கெடையாது. தாய்ப்பாலுக்கு என்ன காசா பணமான்னு நினைச்சோம். அப்புறம்தான் உங்களுக்கே தெரியுமே, பிரசவத்துக்கு ஆபரேஷன் பண்ண எடம் சீழ் வெச்சு, அவளுக்கு ஊசி மேல ஊசி. அந்த மருந்து உடம்புல இருக்குறவரைக்கும் பால் குடுக்காதேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மருந்து நின்னப்ப பாலும் நின்னு போயிருந்துச்சு. பால் பவுடர் டப்பா விலைய கடையில கேட்டேன் பாருங்க, திரும்பவும் கேட்டேன், தப்பா காதுல விழுந்துடுச்சோன்னு. வீட்டுக்கு வந்ததும் அவ வயித்தப் புடிச்சுகிட்டே நின்னு அந்த வரிய எழுதினா. கட்டம் போட்டுட்டு சொன்னா, எதுல வேணா கை வைங்க, இதுல மட்டும் கை வைக்கக்கூடாதுன்னு. நானும் தலையாட்டினேன்.

என்னம்மா? ...இதோ, தண்ணி வெச்சிருக்கேன்மா, நீ எழுந்து வராத.

என்ன பண்றா பாருங்க, இப்பவும் பாட்டில் எங்கன்னுதான் கேக்குறா.

பால் கலக்குறது எப்பவும் நான்தான் சிஸ்டர், ஆமா. ராத்திரி பகல் எல்லாம். வேலைக்குப் போனா ஃபிளாஸ்க்குல ஊத்தி வெச்சுட்டுப் போவேன். தெரியும், அப்படி வெக்கக்கூடாதுன்னு போன தடவ சொன்னீங்க, அதுலேருந்து மதியம் ஓடிவந்து கலக்கிக் குடுத்துட்டுப் போறேன். பக்கத்து வீட்டக்கா வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுது, புருஷன்னா இப்படி இருக்கணும், பொண்டாட்டிய கண்ணுல வெச்சுத் தாங்குறான்னு. அது வாயத் திறந்தாலே நான் இந்தப் பக்கம் வந்துடுவேன். முதல்ல அவளால நிக்க முடியல, அதனாலதான் செஞ்சேன். அப்புறம் அவளே வர்றேன்னுதான் சொன்னா. நான்தான் விடல.

எனக்கு ஒரு மச்சான் இருக்கான், அவளுக்கு அண்ணன். தண்ணி லாரி, வேன் எல்லாம் வெச்சிருக்கான், வசதிதான். எங்க கல்யாணத்துக்கு அவனுக்கு இஷ்டமில்ல. பெயிண்ட் டப்பா தூக்குறவனுக்கா என் தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டான். அவன் மறந்திருப்பான், சொன்னவனுக்கு என்ன. எனக்கு இங்க, நெஞ்சுலயே நிக்குது. ஆஸ்பத்திரியில வந்து என் சட்டைப்பையில பணம் திணிச்சான், பாப்பா பாலுக்கு வெச்சுக்கோங்க மாப்ளன்னு. அத்தனை பேரு முன்னாடி எடுத்து அவன் கையிலேயே குடுத்தேன். என் புள்ளைக்கு நான் வாங்குவேன்னு சொன்னேன். அதோட விட்டானா, பக்கத்து வீட்டக்காகிட்ட ரெண்டு பவுடர் டப்பா குடுத்து விட்டிருந்தான், அவளுக்குத் தெரியாம. அதையும் திருப்பி அனுப்பிட்டேன். பெரிய ரோஷக்காரன்ல நானு.

கொதிச்சிடுச்சு. கொஞ்சம் ஆறணும்ல? தெரியும் சிஸ்டர், எல்லாம் தெரியும். கலக்குறதுல என் கை தப்பாது. எங்க மேஸ்திரியே சொல்லுவாரு, ஷேடு பிடிக்கணும்னா உன்னக் கூப்பிடணும்டான்னு. வேற ஒண்ணுக்கும் கூப்பிடுவாரு. வீட்டுக்காரங்க பத்து வாளிக்குக் காசு குடுத்தா ஏழு வாளியில முடிக்கணும். அளவ விடக் கொஞ்சம் தண்ணி சேத்து அடிச்சா அதே சுவருதான், அதே வெள்ளைதான். காஞ்சப்புறம் ஒருத்தனுக்கும் தெரியாது. மறு மழையில உரிஞ்சு வந்தா, அது சுவத்துல ஈரம்னு சொல்லிடலாம். இதெல்லாம் எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்... வாய் பாட்டுக்கு ஓடுது.

பாப்பா அழறாளான்னா? முன்னாடி கத்துவா சிஸ்டர், வீடே இடிஞ்சு விழும். குடிச்சு முடிச்ச உடனே கத்துவா. தோள்ல போட்டுகிட்டு இங்கேருந்து வாசலுக்கு, வாசல்லேருந்து இங்க, நடந்துகிட்டே இருப்பேன். சட்டைக் காலர வாயில வெச்சு சப்புவா. என் சட்டையில பெயிண்ட் இருக்கும்னு இழுத்துடுவேன், மறுபடியும் தேடி வந்து சப்புவா. இப்ப ரெண்டு நாளா அழறதே இல்ல. தூங்குறா, முழிக்கிறா, மறுபடி தூங்குறா. சமத்தாயிட்டான்னு பக்கத்து வீட்டக்கா சொல்லிச்சு. நானும் அப்படித்தான்... ஏன் சிஸ்டர் அப்படி பாக்குறீங்க? அது நல்லதில்லையா?

...அழறதுக்குக்கூட தெம்பு இல்லாமலா?

இல்ல, வாசல்ல நீங்க அவகிட்ட சொன்னீங்கல்ல, பால் சரியாத்தான் குடுக்குறீங்கன்னா கொழந்தைக்கு உள்ள வேற ஏதோ கோளாறு இருக்கணும், பெரிய ஆஸ்பத்திரியில சேத்து ரத்தம் எடுத்து, தண்டுவடத்துல ஊசி போட்டு எல்லாம் பாக்கணும்னு. அவ்வளவு சின்ன உடம்புல எங்கேருந்து சிஸ்டர் ரத்தம் எடுப்பாங்க? பாப்பா காலப் பாத்தீங்களா, என் கட்டைவிரல் தண்டிதான் இருக்கு.

சரி, ஆறிடுச்சு. இந்தக் கோடு வரைக்கும் தண்ணி. சரியா இருக்கா, குனிஞ்சு பாத்துக்கோங்க. இது டப்பா. கரண்டி உள்ளயே இருக்கும், ஈரம் படாது. குமிச்சு போடக்கூடாது, தலைய வழிச்சு விடணும். ஒண்ணு. இந்தாங்க, வழிச்சுட்டேன். ரெண்டு. மூணு. இப்ப மூடிய இறுக்கி, இப்படிக் குலுக்கணும், மேலயும் கீழயும்...

என்ன சிஸ்டர்?

ஆமா, டப்பாவ மூடிட்டேன்.

தெரியும். இந்தக் கோட்டுக்கு நாலு கரண்டின்னு டப்பாவுலயே படம் போட்டிருக்கு. படிக்கத் தெரியாதவன் இல்ல நானு. நீங்க பக்கத்துல நிக்கிறீங்களே, நாலு போடுவோம்னுதான் நினைச்சேன். கை அதுவா மூடிடுச்சு.

மழை புடிச்சு வேலை நின்னதுலேருந்து இப்படித்தான். டப்பா வாரம் முடியறதுக்குள்ள காலியாயிடுது, கையில காசு இல்ல. எங்கண்ணன்கிட்ட கேளுங்கன்னு அவ சொல்லிடுவாளோன்னு பயம். முதல்ல ராத்திரி பாட்டில்ல மட்டும் ஒரு கரண்டி குறைச்சேன். பாத்தேன், அதே வெள்ளைதான், வித்தியாசமே தெரியல. பாப்பாவும் குடிச்சா. தண்ணிதானே, என்ன பண்ணிடப்போகுது, ரெண்டு தடவ கூட ஒண்ணுக்குப் போவான்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் சிஸ்டர் நினைச்சேன். அப்புறம் எல்லா பாட்டிலும் அப்படியே ஆயிடுச்சு. டப்பா வாரம் முழுக்க நிக்க ஆரம்பிச்சுது. அந்த வரி பக்கத்துல நட்சத்திரம் மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, அது அவ போட்டது. நம்ம கணக்கு சரியா நின்னுடுச்சு பாத்தீங்களான்னு. அண்ணனுக்குப் போன் போட்டு பெருமை வேற. நான் இங்கயே நின்னு கேட்டுகிட்டு இருந்தேன். வாயக் கட்டி வயித்தக் கட்டின்னு சொன்னேன்ல. யாரு வயித்தக் கட்டியிருக்கேன் பாருங்க.

பாப்பாவுக்கு ஒரு கோளாறும் இல்ல சிஸ்டர். ஊசியெல்லாம் போட்டுப் பாக்காதீங்க. பசி, அவ்வளவுதான் அவளுக்கு.

திட்டுங்க. ஏதாச்சும் சொல்லுங்க.

இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேக்கணுமா? அப்படியா... இல்ல இல்ல, வேணாம்னு சொல்லல, இப்பவே கிளம்பலாம். மச்சான்கிட்ட வேன் இருக்கு. நானே போன் பண்றேன், வரச்சொல்றேன், டப்பாவும் எடுத்துட்டு வரச்சொல்றேன். என்ன சொல்லுவானோ சொல்லிட்டுப் போகட்டும். அவன் வர்றதுக்குள்ள இத ஒரு தடவ சரியா கலக்கிக் குடுத்துடலாமா, குடிக்கலாமா அவ? கொஞ்சம் கொஞ்சமாவா? சரி. டப்பாவ நீங்களே திறங்க, அந்த நாலாவது கரண்டிய நீங்களே போடுங்க. எனக்குக் கை வரல.

இதோ வந்துட்டேன்மா. சிஸ்டரும் வர்றாங்க. அழாத. உன்னால இல்லம்மா. உன்னால இல்ல. இரு, வந்து சொல்றேன்.