இடது பொத்தான்

முப்பத்தாறு வயதில் கிடார் கற்றுக்கொள்வது ஒன்றும் தாமதமில்லை என்று சொன்னவர் உங்கள் அண்ணன்தான். விரல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான் என்றார். ஆறு வருஷமாகியும் என் விரல்கள் முரண்டுதான் பிடிக்கின்றன. அதற்கு அவர் பொறுப்பில்லை.

சண்முகப்பிரியா அம்மணி, போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் கிருபாவை ஒரேயடியாகக் கொடுமுடிக்குக் கூட்டிப்போக நீங்கள் கோயமுத்தூர் கணபதிக்கு வந்தீர்கள். என் அறையிலிருந்த அவருடைய கிடாரைப் பெட்டியில் வைக்கும்போது, கம்பிப் பாக்கெட் போடும் சின்னத் தடுப்புக்குள் ஒரு பழைய கவரைப் பார்த்தீர்கள். மெட்ராஸிலிருந்து உங்கள் அண்ணன் பெயருக்கு வந்தது, தபால் முத்திரை தொண்ணூற்றைந்து பிப்ரவரி. பின்பக்கம் என் கையெழுத்தில் சுரங்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணங்கிட்ட இன்னும் காட்டலீங்க. ஒரு வாரத்துக்குள்ள நீங்களே எழுதி அனுப்புங்க கந்தப்பண்ணா” என்றீர்கள். சத்தம் போடாமல் கேட்டதற்கு நன்றி. கடிதத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். ஆனால் மெஷினில் ஒரே ஒரு நட்டைக் காட்டி இது எதற்கு என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. முழுசாகச் சொன்னால் உங்களுக்கே விளங்கிவிடும் என்று நம்புகிறேன்.

பம்ப் மோட்டாருக்குத் தகடு வெட்டும் பட்டறையில் நான் செட்டர். பவர் பிரஸ்ஸில் டை என்கிற வெட்டும் அச்சை மாட்டி, அளவு சரிபார்த்து, ஓட்டுகிற ஆளிடம் ஒப்படைப்பது என் வேலை. காங்கேயத்தில் அம்மா போன பிறகு ஊருக்குப் போகக் காரணம் இல்லாமல் போனது. கல்யாணம் கூடி வரவில்லை. லைன் வீட்டில் ஒரு அறை, ஒரு ஸ்டவ், ஒரு தட்டு. வேலை நாட்களில் பட்டறைச் சத்தத்தில் எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையை விட்டு வந்தால் திங்கட்கிழமை காலை வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். டீக்கடையில் “ஒரு டீங்க” என்று சொல்வதற்கே தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

தொண்ணூற்று மூன்றில் கிருபா அடுத்த அறைக்குக் குடிவந்தார். மெல்லிசைக் குழுவில் லீட் கிடார் வாசிக்கிறவர் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சாதகம் நடக்கும். மூன்று வாரம் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம் கதவைத் தட்டி, எனக்கும் வருமா என்று கேட்டேன். “உள்ள வாங்ணா, கட்டில்ல உக்காருங்க” என்றார். அப்படி யாரும் என்னைக் கூப்பிட்டு எவ்வளவோ வருஷமாகியிருந்தது. சந்தோஷத்தில் செருப்போடு உள்ளே போய்விட்டேன்.

முதல் பாடமே மெட்ரோனோம். சாவி கொடுத்தால் டிக் டிக் என்று அடிக்கும் மரப்பெட்டி. நிமிஷத்துக்கு அறுபது அடியில் வைத்து ஸ்கேல் என்கிற சுர வரிசையை வாசிக்க வேண்டும். தப்பில்லாமல் வந்தால் நான்கு கூட்ட வேண்டும். இப்படி ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மனசு பின்தங்கி, கை மட்டும் ஓடும் என்பார். “அதுக்கப்பறம் நீங்க யோசிக்க வேண்டியதே இல்லீங்ணா. கை பாட்டுக்குப் போயிட்டே இருக்கும்.” அவருக்கு அப்படித்தான். வேகமாக வாசித்துக்கொண்டிருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், “ஏனுங்ணா?” என்று முகத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பார். மூத்தவர்கள் கூப்பிட்டால் முகம் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று உங்கள் வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். கைகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். வேடிக்கை பார்ப்பதற்காகவே சில தடவை கூப்பிட்டிருக்கிறேன்.

இன்னொரு பாடமும் சொல்லியாக வேண்டும். “எந்தப் பாட்டுக்கும் ஒரு ஊடு இருக்குதுங்ணா. எங்க சுத்துனாலும் கடைசில அங்க வந்தாத்தான் காது ஒத்துக்கும்” என்பார். சி ஸ்கேலில் வாசித்துக்கொண்டே வந்து, ஜி செவன்த் கார்டைத் தட்டிவிட்டுச் சும்மா இருப்பார். உட்கார முடியாது, எழுந்து போகவும் முடியாது. பிறகு சி கார்டை மீட்டுவார். எல்லாம் சரியாகிவிடும். கம்பியைத் தள்ளி வளைக்கும் பென்டிங் எனக்கு இன்றுவரை முழுச் சுரத்தை எட்டியதில்லை. ஆனால் இது மட்டும் அன்றைக்கே விளங்கியது.

பாடம் முடிந்ததும் நான் கறி வைப்பேன். இரண்டு பேரும் சாப்பிடுவோம். இன்னொரு தட்டு வாங்கினேன். கடைக்காரர் “ஒண்ணு போதுங்களா?” என்றார். போதும் என்றேன்.

அந்தக் கடிதம் வந்த அன்று கிருபா ஒரு கோயில் கச்சேரிக்குப் போயிருந்தார். தபால்காரர் என்னிடம் கொடுத்தார். பிரித்துப் படித்தேன். ஒரு வாத்தியக் குழுவில் கிடாருக்கு ஆள் வேண்டும், பதினைந்து நாளுக்குள் வந்து சேர்ந்தால் நிரந்தரம் என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடலாம் என்றுதான் வைத்தேன். அந்த ஞாயிறு அவர் நன்றாகச் சிரித்துப் பேசினார். அவர் போன பிறகு, கற்ற சுரங்களை மறக்காமல் குறித்துவைக்க அந்தக் கவர்தான் கைக்குக் கிடைத்தது. அடுத்த ஞாயிறும் போயிற்று. அப்புறம் கொடுத்தால் ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பார் அல்லவா.

ஆனால் கடிதத்தை மறைக்கலாம், ஆளை மறைக்க முடியாது. சித்திரைத் திருவிழாக்கள் முடிந்ததும், “ஆடி போனா நானே மெட்ராஸ் போயி நேர்ல கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேனுங்ணா. அதுவரைக்கும் உங்க பட்டறையில எதாச்சும் வேலை இருக்குங்களா?” என்றார். முதலாளி சுப்பண்ணன் என் வார்த்தைக்காகச் சேர்த்துக்கொண்டார். மூலையில் இருந்த சின்ன பிரஸ்ஸைக் கிருபாவுக்கு நானே ஒதுக்கினேன்.

அந்த மெஷினில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இடது கையால் ஒன்று, வலது கையால் ஒன்று, இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வேலை சீக்கிரம் ஆக, சில பட்டறைகளில் ஒரு பொத்தானை நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் நான் அதைச் செய்ததில்லை. கிருபாவின் மெஷினில் செய்தேன். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, தினமும் காலையில் இடது பொத்தானுக்குள் திணிப்பேன், சாயங்காலம் எடுத்துவிடுவேன். இந்த மெஷினுக்கு வலது பொத்தான் மட்டும் போதும் என்று அவருக்குச் சொன்னேன். “செரிங்ணா” என்றார்.

ஸ்கேல் வாசிப்பது போலவே எண்ணிக்கொண்டு செய்யச் சொன்னேன். ஒன்று, இடது கை தகட்டை வைக்கும். இரண்டு, கை வெளியே வரும். மூன்று, வலது கை அழுத்தும். நான்கு, வெட்டின தகட்டை எடுக்கும். முதல் நாள் மெதுவாக. தப்பில்லாமல் வந்ததும் கொஞ்சம் கூட்டினோம். மறுநாள் இன்னும் கொஞ்சம். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறைதான். அவரும் ரசித்துச் செய்தார். பத்தாம் நாள் மேற்கூரையைப் பார்த்தபடி ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார், கைகள் ஓடிக்கொண்டிருந்தன.

பதினொன்றாம் நாள் அவருக்குப் பின்னால் நின்றேன். இரண்டு என்று அவர் உதடு அசைவதற்குச் சற்று முன்னால், “கிருபா” என்று கூப்பிட்டேன். எனக்கு அவரிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அவர் மரியாதையாகத் திரும்பி, “ஏனுங்ணா?” என்றார். பின்னால் நின்ற என்னைப் பார்க்க உடம்பே திரும்பியதில் இடது கை உள்ளேயே நின்றுவிட்டது. வலது கை தாளம் தப்பவில்லை.

மூன்று விரல்கள். எல்லோரும் அவரைத் தூக்கும்போது ரப்பர் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரியில், ஒரு பொத்தானில் ஓட்டியதைச் சொன்னால் என் வேலை போய்விடும் என்று அவரிடம் சொன்னேன். விசாரணைக்கு வந்தவரிடம் கிருபா, இரண்டையும் அழுத்தித்தான் ஓட்டினேன், மெஷின் தானாக இன்னொரு தடவை இறங்கிவிட்டது என்றார். பழைய மெஷின், அப்படி நடப்பதுண்டு. அதோடு முடிந்தது. எனக்காகச் சொன்ன பொய் அது. அவ்வளவு பாசம் என் மீது வேறு யாருக்கும் இருந்ததில்லை.

அப்புறம் அவர் மெட்ராஸ் பேச்சை எடுக்கவில்லை. “நீங்களே வெச்சு வாசிங்ணா” என்று கிடாரை என் அறைக்குக் கொடுத்துவிட்டார். கவரைக் கிழித்துப்போட மனம் வராமல் அந்தப் பெட்டியிலேயே வைத்தேன். நான்கு வருஷமாக ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. நான் வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். பென்டிங் எட்டவில்லை என்பார். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுவோம். இதில் யாருக்கு என்ன குறை, அம்மணி?

போன ஞாயிறு பஸ் போன பிறகு அறைக்கு வந்து இரண்டு தட்டையும் கழுவி வைத்தேன். அதிலிருந்து இன்றுவரை யாரிடமும் பேசவில்லை. இப்போது உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். அவரை வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள், நான் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

என்னை இரக்கமில்லாதவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இடது பொத்தானுக்குப் பதில் வலது பொத்தானை அடைத்திருக்கலாம், அதுவும் எனக்குத் தெரிந்த வேலைதான். வலது கையை நான் தொடவில்லை. நான் வாசிக்கும்போது தாளம் போட அவருக்கு ஒரு கை வேண்டுமே.