விரல் நுழையும் விரிசல்

எனக்குச் சேறு என்றாலே அருவருப்பு. மண்சரிவைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். விசாரிக்க வந்திருக்கிறீர்கள், நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வெளியே அந்தச் சரிவில் பதினான்கு வீடுகள். மரங்களை வெட்டிவிட்டுக் குடியேறியவர்கள். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், கழிப்பறைக் குழியில் ஊறும் தண்ணீர், எல்லாமே மண்ணுக்குள்தான் போகும். மனிதர்கள் விடும் கழிவுநீர் ஒரு மலைச்சரிவை எவ்வளவு நகர்த்தும்? தொடக்கம் முதல் முடிவு வரை அதை யாரும் அளந்ததில்லை. நான் அளக்க நினைத்தேன். இரும்புக் குழாய்களை இறக்கி உள்ளே மண் நகர்வதை அளக்கும் கருவிகளை வைத்தேன். கழிப்பறைகளில் பச்சைச் சாயத்தைக் கரைத்துவிட்டேன். நான்காம் நாள் அடிவாரத்தில் பச்சையாகக் கசிந்தது. அதைப் புட்டியில் பிடிக்கும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதன் பக்கத்திலேயே அவர்கள் துணி காயப்போட்டிருந்தார்கள்.

மூன்றாவது வீட்டில் ஒரு தையல்காரம்மா, மகளோடு இருந்தாள். தினமும் காலையில், அவள் வாசலில் நான் வைத்த மழைமானியைப் பார்த்து எனக்குப் போனில் அளவு சொல்வாள். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

மூன்றாம் மழைக்காலத்தில், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்த சரிவு ஆறு மில்லிமீட்டர் நகர ஆரம்பித்தது. ஆய்வுக்கூட உதவியாளர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், அவங்ககிட்ட சொல்லிடலாம் சார். மனசு கேக்கல."

"நான் பாத்துக்கறேன்" என்றேன். நம்பிப் போனார். அவர் மேல் தப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள்.

மறுநாள் தையல்காரம்மா கூப்பிட்டாள். போனேன். தையல் மெஷினைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள். மகள் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"தரை பொளந்துடுச்சு சார், விரல் நுழையுது. எங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்கறேன். நான் கெளம்பினா மத்தவங்களும் கெளம்பிடுவாங்க. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. இருக்கலாமா?"

வீடுகள் காலியானால் தண்ணீர் நின்றுவிடும். தண்ணீர் நின்றால் சரிவும் நின்றுவிடலாம். மூன்று வருட உழைப்பு அந்தரத்தில் தொங்கும்.

கடைக்குப் போய் ஒரு பை சிமெண்ட் வாங்கி வந்தேன். நானே குழைத்து, அவள் வீட்டுத் தரையில் மண்டிபோட்டு அந்த விரிசலைப் பூசினேன்.

"பழைய தரைம்மா, அடிமண் கொஞ்சம் அமுங்கியிருக்கு. அவ்வளவுதான். தைரியமா இருங்க."

"நீங்க சொன்னாப் போதும் சார்" என்றாள். மகள் மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள். எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள் அந்த அம்மா. டம்ளர் கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். மறுக்காமல் குடித்தேன். காருக்கு வந்ததும் நாலு முறை வாய் கொப்பளித்தேன்.

ஐந்தாம் நாள் எட்டு மணிக்கு அவள் மழை அளவு சொன்னாள். எழுபத்திரண்டு. ஒன்பதே முக்காலுக்கு என் அறையின் திரையில் கோடு செங்குத்தாக ஏறியது. அவ்வளவு சுத்தமான கோட்டை நான் பார்த்ததில்லை. பிறகு கருவிகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

முப்பத்தொரு பேர். தையல்காரம்மாவையும் மகளையும் எடுத்தபோது வாயெல்லாம் சேறு என்று உதவியாளர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தபடி, என் மேசைக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தார். துடைக்க ஆள் வரும்வரை நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் நின்றேன்.

கொலை என்று எழுதப்போவதாகச் சொன்னீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தச் சொல் பொருந்தவில்லை. கொலைகாரன், அந்த ஆள் சாகட்டும் என்று நினைப்பான். நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. குளித்து, துவைத்து, சமைத்து, அவர்கள் கடைசிவரை அங்கேயே வாழ வேண்டும் என்றுதான் விரும்பினேன்.