ஈரமான பல்

கேமரன் மலையில் எதுவுமே சரியாக ஒட்டாது, இன்ஸ்பெக்டர். மழைக்காலத்தில் தபால் தலைகூட உரிந்து விழும்.

பல்லும் அப்படித்தான். மேலே இருக்கும் எனாமல் காய்ந்த பீங்கான் மாதிரி. அமிலம் தடவிக் காயவைத்தால் பசை பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே இருக்கும் டென்டைன் வேறு ரகம். அது முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள். நரம்புப் பக்கமிருந்து ஓயாமல் நீர் கசியும். பிடுங்கிப்போட்ட பல்லில், நானே உருவாக்கிய பல் அடைக்கும் பசை அருமையாக ஒட்டியது. செத்த பல்லில் கசிவு ஏது? உயிருள்ள பல் வேண்டும் என்பது என் ஆசையல்ல, அறிவியலின் தேவை.

அப்போது தானா ராத்தாவில் கிளினிக் வைத்திருந்தேன். 1983 முதல் ஞாயிறுதோறும் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இலவசமாகப் பல் பார்த்தேன். கங்காணி எல்லோரையும் வரிசையாக உட்காரவைப்பார். தோட்டத்தில் பல்வலி என்றால் பூச்சி என்பார்கள். புகை போட்டு, இலையில் பூச்சியை உதிர்த்துக் காட்டும் ஆட்கள்கூட உண்டு. அது சுத்த ஏமாற்று என்று தமிழ்ப்பள்ளியில் நானே பேசியிருக்கிறேன். ஆனால் டென்டைனை விளக்க நேரமில்லாதபோது பூச்சி ரொம்ப வசதியான சொல். நல்ல பல்லைத் தட்டிக் காட்டி, பூச்சி இருக்கிறது என்பேன். யாரும் கண்ணாடி கேட்டதில்லை. மறு வாரம் முட்டைக்கோஸ் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

குடைந்தேன், அமிலம் வைத்தேன், பசை போட்டு அடைத்தேன். பெரும்பாலும் சோறு தின்னும்போதே விழுந்துவிட்டது. ஏன் விழுந்தது என்று பார்க்க அந்தப் பற்களைப் பிடுங்கினேன். மரத்துப்போக ஊசி போடாமல் யாரையும் தொட்டதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தாமரையின் பல்லில் மட்டும் பசை பிடித்தது. கொழுந்து பறிக்கும் பெண், கடைவாய்ப் பல்வலிக்கு வந்தவள். அதைச் சரிசெய்த கையோடு முன்பல்லையும் குடைந்து அடைத்திருந்தேன். மாதங்கள் போயும் அடைப்பு அசையவில்லை. அன்று எனக்கு வந்த சந்தோஷம் உங்களுக்குப் புரியாது. ஆனால் பசை குழாய்களுக்குள் இறங்கியதா என்று தெரிய வேண்டுமானால் பல்லைக் குறுக்கே அறுத்தாக வேண்டும்.

அவளுக்குத் தையில் கல்யாணம்.

“இப்ப வலியே இல்லைங்க டாக்டர். கல்யாணம் முடியுற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே,” என்றாள்.

“பூச்சி உள்ள இறங்கிருச்சும்மா. விட்டா பக்கத்துப் பல்லும் போயிடும்,” என்றேன்.

வாயைத் திறந்தாள்.

பசை ஒவ்வொரு குழாயிலும் வேர்விட்டிருந்தது. நுண்ணோக்கியில் அப்படி ஓர் அழகை நான் பார்த்ததில்லை. கல்யாணப் படத்தில் மகள் வாயைத் திறக்கவே இல்லை என்று அவள் அப்பா காளிமுத்து புகாரில் சொல்லியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். ஒட்டாத பல்லை எண்ணி என்ன பயன்?

இவ்வளவு நம்பிக்கை இருந்தால் உங்கள் பல்லிலேயே செய்து பார்த்திருக்கலாமே என்றும் கேட்டீர்கள். என் பற்களைப் பாருங்கள், இன்ஸ்பெக்டர். ஒன்றில்கூடச் சொத்தை இல்லை. நல்ல பல்லில் யாராவது கை வைப்பார்களா?