போகியில் எரிந்த புல்

முதல்ல ஒரு மன்னிப்பு. நான் தாமதமா வந்தது டிராஃபிக்னால இல்லீங்க. பக்கத்து மண்டபத்துல போய் முன்வரிசையில உட்கார்ந்துட்டேன். சந்தனம் பூசி, கல்கண்டை வாயில போட்டப்புறம்தான் மேடையைப் பார்த்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் மோதிரம் மாத்திக்கிறாங்க. தோட்டச் சங்கத்து விழாவுல மோதிரம் எதுக்குன்னு யோசிச்சு... எழுந்து ஓடி வந்தேன்.

பத்தாவதோட நின்னவன் நான். பெரிய விஷயம் பேசத் தெரியாது. என் வீட்டுல நடந்த ஒரு சின்னக் கதை இருக்கு... அதைச் சொல்லிட்டு இறங்கிடறேன்.

என் மக சுபாஷிணி தோட்டம் அமைச்சுக் கொடுக்கிறா. முதல் பெரிய வேலையா ஒரு பள்ளிக்கூடத்து முன்வாசல் வந்துச்சு. அது கிடைச்சா தொழில்ல நிலைச்சிடுவா. இல்லைன்னா பழையபடி பெங்களூருக்குக் கம்பெனி பஸ். தாளாளர் அம்மா, குளிர்காலத்துலயும் வாசல் அழகா இருக்கணும்னு சொல்லிட்டாங்க. இவ எங்க வீட்டு முன்னாடியே மூணு வகை அழகுப் புல் நட்டுப் பார்த்தா. நம்ம ஓசூர்க் குளிர் எப்படி? பனி இறங்கும், ஆனா உறையாது. அதுக்கு ஏத்ததா ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா. மார்கழியில அது காய்ஞ்சு பொன் நிறமாகும். நரிவால் மாதிரி கதிர் ஆடும். தூர் மட்டும் உள்ள உயிரோட இருக்கும். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. போகி அன்னைக்குக் காலையில பத்து மணிக்குத் தாளாளர் அதைப் பார்க்க வர்றதா ஏற்பாடு.

போகி... நாம என்ன செய்வோம்? பழசைக் கழிப்போம். விடியக்காலம் எந்திரிச்சேன். கிழிஞ்ச பாய், ஒடிஞ்ச முறம்... போதலை. சுத்திப் பார்த்தேன். புல்லு காய்ஞ்சு நின்னுச்சு. 'பாவம், புள்ளைக்குத் தண்ணி ஊத்த நேரமில்லை, செத்துப்போச்சு'ன்னு நினைச்சு, அரிவாளால ஒட்ட அறுத்து... நெருப்புல போட்டேன். வாசல் சுத்தமாச்சுன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எட்டு மணிக்கு அவ வெளிய வந்தா. சாம்பலைப் பார்த்தா... என்னைப் பார்த்தா... குளிக்கப் போயிட்டா. அந்த ரெண்டு மணி நேரம் இருக்கே, நான் வாசலுக்கும் கேட்டுக்கும் எத்தனை தடவை நடந்தேன்னு எனக்கே தெரியாது.

தாளாளர் வந்தாங்க. மொட்டைத் தூரைப் பார்த்தாங்க.

"எங்கேம்மா புல்லு?"

"என் கவனக்குறைவு மேடம். காலையில எரிஞ்சுபோச்சு"ன்னா சுபாஷிணி.

"சொந்த வாசல்ல இருக்கிறதையே காப்பாத்தலை. என் ஸ்கூல் வாசலை எப்படிம்மா நம்பிக் கொடுக்கிறது?" சொல்லிட்டு என் பக்கம் திரும்பினாங்க. "நீங்களே சொல்லுங்க சார்."

சொல்லலாம்ல? வாயைத் தொறந்தேன். என்ன வந்துச்சு தெரியுமா...

"காபி சாப்பிடறீங்களா மேடம்?"

அவங்க சாப்பிடலை. வேலை வேற ஆளுக்குப் போச்சு. மாசி பிறக்கிறதுக்குள்ள அறுத்த தூர்ல பச்சையாத் துளிர் வந்துச்சு. "பார்த்தீங்களாப்பா, உயிரோடதான் இருந்துருக்கு"ன்னு சொன்னா சுபா. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல சொன்னா.

உங்களைக் கேட்கிறேன். நம்ம கண்ணுக்குக் காய்ஞ்சதெல்லாம் குப்பையா? அரிவாளை எடுக்கிறதுக்கு முன்னாடி, நட்டவங்களை ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சிடும்? புல்லோ, புள்ளையோட படிப்போ, அவ தேர்ந்தெடுத்த தொழிலோ... தெரியாததைச் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. கேளுங்க. கேட்காமத் தப்பு செஞ்சா, அதைச் சொல்ற தைரியமாவது வேணும்.

இன்னைக்கு இவ்வளவு பேர் முன்னாடி மைக்ல சொல்றேன். அன்னைக்கு அந்த வாசல்ல மூணே பேர்தான் நின்னோம். அங்க நான் சொல்லாம விட்டது ஒண்ணே ஒண்ணு...

"மேடம், அறுத்தது நான்."