அஞ்சு கோடிக்குக் கீழே

— அந்த ஃபாரம் கையிலேயே இருக்கட்டும் வெல்டரே. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க.

— சொல்லுங்கண்ணே.

— பதினஞ்சு நாளா தலைமை ஆபீஸ்லயே கிடந்தேன். நம்ம டிப்போ ஓய்வு நிதிக்காக அந்த ஃபண்ட் கம்பெனிக்காரன்கிட்ட மல்லுக்கட்டிட்டு இப்பதான் வந்து இறங்கறேன். இன்னும் டீகூட குடிக்கல.

— வாங்கிட்டு வரட்டுமா?

— வேணாம், உக்காருங்க. போன மாசம் உங்க சம்சாரத்தோட இதய ஆபரேஷனுக்கு உங்க பங்கு எட்டு லட்சத்தை எடுக்கணும்னு வந்தீங்க. நான் பொறுங்கன்னுட்டேன். சங்கச் செயலாளர் நாற்காலில உக்காந்ததும் இவனுக்கு ஈரமே போயிடுச்சுன்னு நெனச்சிருப்பீங்க.

— அப்படியெல்லாம் நெனைக்கலண்ணே.

— நெனச்சாலும் தப்பில்ல. பெரிய நிறுவனங்களுக்குன்னு அவன் தனி வகுப்பு வெச்சிருக்கான். மூணு வருஷம் நடையா நடந்து, நம்ம நானூறு பேர் பணத்தையும் ஒண்ணாச் சேத்து அதுல நுழைச்சேன். ஃபண்டு அதேதான். தனி ஆளுங்ககிட்ட வருஷத்துக்கு நூத்துக்கு ஒண்ணரை ரூபா கட்டணம் பிடிக்கிறவன், நம்மகிட்ட அரைதான் பிடிக்கிறான்.

— தெரியும்ணே. சாப்பாட்டு ரூம் போர்டுல நீங்க கணக்குப் போட்டுக் காட்டின அன்னிக்கு, முதல்ல கை தூக்கினதே நான்தானே.

— ஆமா, கிரீஸ் கையோட. ஆனா மொத்தம் அஞ்சு கோடிக்குக் கீழ போனா, மறுபடி அந்த ஒண்ணரை பிடிக்கிற சில்லறை வகுப்புக்கே தள்ளிடுவான். உங்க எட்டு லட்சம் போயிருந்தா அஞ்சு கோடிக்கு ரெண்டு லட்சம் குறைஞ்சிருக்கும். ஒருத்தருக்காக நானூறு பேரை எப்படி விட முடியும், சொல்லுங்க.

— நானும் அதைத்தான் அவகிட்ட சொன்னேன். ஒரு மாசம் தாங்கும்னு டாக்டரும் சொன்னாரு. சரி, பொறுப்போம்னா.

— அவ மனசு யாருக்கு வரும்? நல்ல சேதி கேளுங்க. புது டிரைவருங்க பணம் நேத்து சேந்துடுச்சு. இனி நீங்க எடுத்தா யாருக்கும் நஷ்டமில்ல. கொடுங்க, கையெழுத்து போட்டுடறேன். வாரக் கடைசிக்குள்ள பணம் வந்துடும். ஆஸ்பத்திரில தேதி வாங்கிடுங்க.

— இந்தாங்கண்ணே.

— என்ன, முகமே சரியில்ல? நான் பாட்டுக்குக் கணக்கைப் பேசிட்டே இருக்கேன். தங்கச்சி எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல பாருங்க.

— படிச்சுட்டுப் போடுங்கண்ணே. அது பணம் எடுக்கிற ஃபாரம் இல்ல. நாமினி இடத்துல அவ பேர் இருக்கு. அதை எடுத்துட்டுப் பொண்ணு பேரைப் போடணும்.